வாகனம் – கேள்வி பதில்: ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் போதுமா?

எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் பற்றியும், அதோடு கலக்கிற கூலன்ட் என்ற திரவம் பற்றியும் இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறோம்.

என்னிடம் 800 சிசி அல்டோ இருக்கிறது. வாங்கிய நாள் தொட்டு ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். "எங்கட ஊரில தண்ணி உறையாது, கூலன்ட் வெளிநாட்டுக்காரருக்குத்தான்" என்று கராஜில் சொல்கிறார்கள். அண்மையில் மூடியைத் திறந்தபோது தண்ணீர் செம்மண் கரைத்தது போல இருந்தது. என்ன செய்யலாம்?
– வாசகர், கோண்டாவில்

தண்ணீர் உறையாமல் காப்பது கூலன்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே. எங்களுக்கு வேண்டியது மற்ற மூன்றும். முதலாவது, கொதிநிலை. வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 108 பாகை அளவில்தான் கொதிக்கும். ரேடியேற்றர் மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் அது 125 பாகையையும் தாண்டும். இரண்டாவது, கூலன்டில் சேர்த்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. மூன்றாவது, தண்ணீர்ப் பம்பின் சீல் காயாமல் அது காக்கிறது.

வெறும் தண்ணீரே எஞ்சினைக் கெடுக்கும் என்றால், யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் இன்னும் வேகமாகக் கெடுக்கும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதில் ஊறி வரும் தண்ணீரில் கல்சியம் கரைந்திருக்கிறது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக உதிர்கிற அதே படிவுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். அதாவது எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டில், எக்சோஸ்ற் வால்வுகளைச் சுற்றி. படிவு ஒரு போர்வை மாதிரி உலோகத்தின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்காமல் மறிக்கும். மீற்றர் காட்டுவது தண்ணீரின் சூட்டை, உலோகத்தின் சூட்டை அல்ல. ஆகவே முள் நடுவில் நிற்கும்போதே ஹெட் அளவுக்கு மேல் சுட்டுக்கொண்டிருக்கலாம். கரையோரத்திலும் தீவகத்திலும் தண்ணீர் உவர். அந்த உப்பு அலுமினிய ரேடியேற்றரை ஊசித்துளை ஊசித்துளையாக அரித்துவிடும்.

செம்மண் நிறம் துரு. அதை வெளியேற்றாமல் மேலே கூலன்டை ஊற்றினால் காசுதான் வீண். முழுவதையும் இறக்கி, சுத்தமான தண்ணீரை நிரப்பி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறக்குங்கள். தெளிவாக வரும்வரை மூன்று, நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும். கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கலாம். கடைசித் தடவை மட்டும் வடித்த தண்ணீராக இருக்கட்டும். பற்றரிக்கு ஊற்ற விற்கிற டிஸ்டில்ட் வோட்டர் போதும். பற்றரி அசிட்டைத் தவறி வாங்கிவிடாதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். போத்தலில் வரும் குடிதண்ணீர் இதற்குச் சரிவராது, அதிலும் உப்புகள் உண்டு. நான்கு தடவைக்குப் பிறகும் கலங்கலாகவே வந்தால் ரேடியேற்றரைக் கழற்றித் துப்புரவாக்க வேண்டும். கோஸ்ரிக் சோடா போட்டால் எல்லாம் கழுவிக்கொண்டு போகும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அலுமினியத்தையே தின்றுவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னுமொன்று. பல வருடப் படிவு கழன்றதும் சில வண்டிகளில் புதிதாக ஒழுக்குத் தொடங்கும். கூலன்ட் ஊற்றியதால்தான் ரேடியேற்றர் ஓட்டையானது என்று பேசிக்கொள்வார்கள். ஓட்டை முன்பே இருந்தது, படிவு அதை அடைத்துக்கொண்டிருந்தது என்பதே உண்மை.

1500 சிசி ஜப்பான் கார் ஒன்று வைத்திருக்கிறேன். கூலன்டை வீட்டிலேயே மாற்ற விருப்பம். ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது? எவ்வளவு வாங்க வேண்டும்?
– வாசகர், சாவகச்சேரி

இந்த வேலையில் ஆட்களுக்குக் காயம் வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கும்போது. உள்ளே 110 பாகையில் தண்ணீர் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால். மூடி கழன்ற கணமே அழுத்தம் போய்விடும், தண்ணீர் அப்படியே ஆவியாகி முகத்துக்கும் கைக்கும் பாயும். ஆகவே காலையில், முதல்நாள் இரவு முழுக்க ஆறிய வண்டியில் தொடங்குங்கள். அவசரமென்றாலும் குறைந்தது மூன்று மணித்தியாலம் விடவேண்டும். ரேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அது விறைப்பாகவோ இளஞ்சூடாகவோ இருந்தால் இன்னும் நேரமாகவில்லை.

சமதரையில் நிறுத்தி, ஹாண்ட்பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். சாவியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கினால் விரலுக்கு ஆபத்து. அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். சீமெந்துக் கல்லும் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொருங்கும். இரும்புத் தாங்கிகள் இரண்டு வாங்கி வைத்தால் ஆயுளுக்கும் உதவும். கையுறை, கண்ணாடி, 8 லீற்றர் பிடிக்கிற அகன்ற பேசின், அளவுக்கோடு போட்ட ஜக், புனல், குறடு, பழைய துணி ஆகியவற்றை முன்கூட்டியே அருகில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீற்றர் உள்ள வண்டியென்றால் அதன் திருகை முழுச் சூட்டில் வையுங்கள். அடியில் பிளாஸ்ரிக் மறைப்பு இருந்தால் கழற்றுங்கள். ரேடியேற்றரின் கீழ் மூலையில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் திருகு தெரியும், அதுதான் வடிகால். அதன் வாயில் ஒரு சிறு குழாயைச் செருகி மறுமுனையைப் பேசினுக்குள் விடுங்கள். திருகைக் கையால் மெல்லத் திருப்புங்கள். பழைய வண்டியில் அது பிஸ்கட் போல உடையக்கூடியது. இறுகியிருந்தால் குறட்டால் முறுக்காமல், அதை விட்டுவிட்டுக் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி அவ்வழியே இறக்குங்கள். ஹோஸால் இறக்கினால் தண்ணீர் ஒரேயடியாகக் கொட்டும், பேசினைச் சரியாகப் பிடியுங்கள்.

கீழே வடியத் தொடங்கிய பிறகு மேல் மூடியைத் துணி போட்டுப் பிடித்து, கால்வாசி திருப்பி நிறுத்துங்கள். சீறல் ஏதும் கேட்டால் அடங்கும்வரை பொறுத்து, பிறகு அமுக்கித் திருப்பி எடுங்கள். மேலதிகக் கூலன்ட் நிற்கும் ரிசேவ் தாங்கியைக் கழற்றி அதன் அடியில் கிடக்கும் சேற்றையும் கழுவுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு எஞ்சின் ஆறும்போது அந்தச் சேறெல்லாம் புதிய கூலன்டுக்குள் உறிஞ்சப்பட்டுப் போகும்.

வடிந்ததை ஜக்கால் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு பின்னால் வேண்டும்.

எவ்வளவு வாங்குவது என்றால், உங்கள் வகை வண்டிக்கு மொத்தம் 5 முதல் 6 லீற்றர் வரை இருக்கும். சரியான அளவு கைநூலில் உண்டு. ஆனால் ரேடியேற்றர் வழியாக வடிவது பாதியோ, அதற்குச் சற்றுக் கூடவோதான். மீதி எஞ்சின் புளொக்கிலும் ஹீற்றரிலும் நிற்கும். கணக்கு பிழைப்பது இங்கேதான். மொத்தம் 5 லீற்றர், வடிந்தது 3 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முன்பு உள்ளே இருந்ததும் அதே தரமான கூலன்ட் என்றால், ஏற்கெனவே கலந்து வருகிற கூலன்ட் 3 லீற்றரை அப்படியே ஊற்றலாம். ஆனால் தண்ணீரால் கழுவியிருந்தால் உள்ளே இன்னும் 2 லீற்றர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதற்கு மேல் கலந்த கூலன்ட் 3 லீற்றர் ஊற்றினால் கலவை 30 வீதத்துக்கு இறங்கிவிடும். அப்படியான நேரத்தில் கலக்காத கூலன்டை வாங்கி, மொத்த அளவின் பாதியை, அதாவது 2.5 லீற்றரை முதலில் ஊற்றி, மீதி அரை லீற்றருக்கு வடித்த தண்ணீர் விடுங்கள். உள்ளே நிற்கிற தண்ணீரோடு சேர்ந்து சரியாகப் பாதிக்குப் பாதி வரும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் நன்மை என்று நினைக்க வேண்டாம். தண்ணீரை விடக் கூலன்ட் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். 60 வீதத்தைத் தாண்டினால் எஞ்சின் சூடாகத்தான் ஓடும்.

வடிகாலை விரல் இறுக்கத்தில் மூடுங்கள். அதன் ரப்பர் வளையம் தட்டையாகியிருந்தால் புதியது போடுங்கள். புனல் வைத்து மெல்ல ஊற்றி, இடையிடையே மேல் கீழ் ஹோஸ்களைப் பிழிந்துவிடுங்கள். குமிழிகள் மேலே வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். மூடியைப் போடாமலே எஞ்சினை ஸ்ராட் செய்து சும்மா ஓடவிட்டு, குமிழிகள் ஓய்ந்து தண்ணீர் பொங்கி வர முன்னர் மூடியைப் போட்டுவிடுங்கள். பிறகு விசிறி இரண்டு தடவை சுழன்று நிற்கும்வரை ஓடட்டும். அப்போது கீழ் ஹோஸும் சூடாகியிருக்க வேண்டும். தேர்மோஸ்டற் (சூடேறியதும் ரேடியேற்றருக்கு வழிவிடும் வால்வு) திறந்து சுற்றோட்டம் நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மூடியைத் திறந்து விளிம்புவரை நிரப்பி, ரிசேவ் தாங்கியில் மேல் கோட்டுக்குக் கீழே நிற்கும்படி விடுங்கள்.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். வடிந்தது 3 லீற்றர், ஊற்றியது 2.4 தான் என்றால் மீதி 600 மில்லிலீற்றருக்கும் உள்ளே காற்று நிற்கிறது. அதோடு தூரப் பயணம் போகாதீர்கள். முதல் ஒரு கிழமைக்குத் தினமும் காலையில் மட்டத்தைப் பாருங்கள்.

சில வண்டிகளில் ரேடியேற்றரில் மூடியே இருக்காது. பிளாஸ்ரிக் தாங்கியின் மூடிதான் அழுத்தத்தைப் பிடிக்கும். அதற்கும் இதே எச்சரிக்கைதான்.

கராஜில் கூலன்ட் மாற்றியதிலிருந்து மீற்றர் முள் ஏறி ஏறி இறங்குகிறது. ஹீற்றரைப் போட்டால் குளிர்காற்று வருகிறது. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தமும் கேட்கிறது.
– வாசகி, மானிப்பாய்

மூன்றும் சேர்ந்து வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த இடம் ரேடியேற்றர் வாயாக இருந்தால் அதுவே வெளியேறிவிடும். ஆகவே வண்டியின் முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் மேட்டைத் தேடி எங்கே போவது? கேற்றடியில் இருக்கும் சாய்வில் முன்சில்லுகளை ஏற்றி நிறுத்தினால் போதும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து நிரப்பி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மேலே சொன்னபடி மறுபடி ஓடவிடுங்கள். சில எஞ்சின்களில் தேர்மோஸ்டற் மூடிக்குப் பக்கத்தில் காற்று விடுவதற்கென்றே ஒரு திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் வரும்போது இறுக்க வேண்டும்.

இரண்டு தடவை செய்தும் குமிழி ஓயாவிட்டால், அது வெளியிலிருந்து புகுந்த காற்றல்ல, சிலிண்டரிலிருந்து வரும் புகையாக இருக்கலாம். ஹெட் கஸ்கெட் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருந்தால் எண்ணெய் மூடியின் அடியில் பாலாடை போலப் படியும், சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும், குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்த உடனேயே மேல் ஹோஸ் விறைக்கும். அந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் வண்டியை ஓட்டாமல் கராஜுக்கு இழுத்துச் செல்லுங்கள்.

வெப்ப நாட்டுக்குத் தேர்மோஸ்டற் தேவையில்லை என்று கழற்றி எறிந்துவிட்டார்கள். சரியா?
– வாசகர், பருத்தித்துறை

பிழை. தேர்மோஸ்டற் வண்டிக்கேற்ப 82 அல்லது 88 பாகையளவில் திறக்கத் தொடங்கும். எஞ்சின் அந்தச் சூட்டில் ஓடத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் சூடேறவே நெடுநேரம் எடுக்கும். எஞ்சின் இன்னும் குளிரில் இருக்கிறது என்று வண்டியின் கணினி நினைத்துப் பெற்றோலைக் கூட்டி விடும். எண்ணெயில் ஈரம் தங்கிச் சேறாகும். பல எஞ்சின்களில் தேர்மோஸ்டற் திறக்கும்போதே ஒரு குறுக்கு வழியையும் அடைக்கும். அது இல்லாவிட்டால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி வரும், நெரிசலில் நிற்கும்போது வண்டி முன்பைவிடச் சுடும். பழையது பழுதா என்று அறிய, ஒரு சட்டியில் தண்ணீரோடு போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்க முன்னரே வால்வு திறக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும்.

பச்சை, சிவப்பு, ரோஸ் என்று பல நிறங்களில் இருக்கிறதே, எதை எதோடு கலக்கலாம்?
– வாசகர், கொக்குவில்

நிறத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, அது வெறும் சாயம். போத்தலில் எழுதியிருக்கும் தரத்தைக் கைநூலோடு ஒப்பிடுங்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் முழுக்க இறக்கிக் கழுவிவிட்டுப் புதியதைப் போடுவதே வழி. வெவ்வேறு மருந்துகள் கலந்தால் துருத்தடுப்பு வலுவிழக்கும், சில சோடிகள் களியாகவும் திரளும். டொயோட்டாவின் ரோஸ் நிறக் கூலன்ட் ஏற்கெனவே தண்ணீர் கலந்தே வருகிறது, அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக்கூடாது.

அக்குவா ஹைபிரிட்டில் பொனற்றைத் திறந்தால் இரண்டு தாங்கிகள் தெரிகின்றன. எது எது? நானே மாற்றலாமா?
– வாசகர், திருநெல்வேலி

ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேட்டருக்கு, அதாவது பற்றரி மின்னை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் கருவிக்கு. இரண்டும் தனித்தனிச் சுற்று, ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் போகாது. மட்டம் பார்க்கும்போது இரண்டையும் பாருங்கள். எஞ்சின் தாங்கியை மட்டும் பார்த்துவிட்டு இன்வேட்டரைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு வந்த செலவு பெரிது.

மட்டம் பார்ப்பதும், ஆறிய நிலையில் அதே கூலன்டைக் கொஞ்சம் சேர்ப்பதும் நீங்களே செய்யலாம். முழுக்க இறக்கி நிரப்புவதை, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கான் கருவி உள்ள கராஜில் விடுங்கள். இந்த எஞ்சினுக்குப் பட்டியால் சுழலும் பம்ப் இல்லை, மின்பம்ப்தான். கருவியால் பம்பை ஓடவிட்டே காற்றை முழுதாக வெளியேற்ற முடியும். பொனற்றுக்குள் எந்த வேலை என்றாலும் பவர் முழுக்க நின்றிருக்க வேண்டும், சாவியைத் தூரத்தில் வையுங்கள். 'ரெடி' நிலையில் விட்டால் எஞ்சின் சத்தமில்லாமல் நின்றுவிட்டுத் திடீரென்று ஸ்ராட் ஆகும். செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே கூடாது.

இறக்கிய பழைய கூலன்டை வளவின் மூலையில் குழி தோண்டி ஊற்றலாமா? பக்கத்தில் வெங்காயத் தோட்டம் இருக்கிறது.
– வாசகர், ஏழாலை

ஊற்றவே வேண்டாம். இங்கே செம்மண் ஒரு மெல்லிய படைதான். அதன் கீழே வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கிணற்று மட்டத்துக்கு இறங்கிவிடும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, பெரும்பாலானோர் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த ஒரே நிலத்தடி நீர். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட பாடு உங்கள் ஊருக்குத் தெரியாததல்ல.

கூலன்டின் மூலப்பொருள் எதிலீன் கிளைக்கோல், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. அது இனிப்பாக இருப்பதால் நாய் தேடி வந்து நக்கும், பூனையும் குடித்துவிடும். வேலை நடக்கும்போது பேசினைத் திறந்தபடி விட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். சிந்தியதை மணல் போட்டு உறிஞ்சவைத்து அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ள வேண்டாம். பழையதைத் திருகுமூடியுள்ள கானில் அடைத்து, "நஞ்சு, பழைய கூலன்ட்" என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். கழிவு எண்ணெய் சேர்க்கும் சேர்விஸ் நிலையங்களில் கூலன்டையும் எடுப்பார்களா என்று முன்பே கேட்டுவிட்டு, எண்ணெயோடு கலக்காமல் தனிக் கானாகக் கொடுங்கள். எண்ணெயில் கலந்துவிட்டால் இரண்டுமே யாருக்கும் உதவாது.

நிறுத்தி வைத்த காருக்கு அடியில் தினமும் தண்ணீர் சொட்டுகிறது. கூலன்டா?
– வாசகி, நல்லூர்

ஏசி போட்டு ஓடிய பிறகு மட்டும், முன்இருக்கைக்கு நேர்கீழே, நிறமும் மணமுமில்லாமல் சொட்டினால் அது ஏசித் தண்ணீர், பயமில்லை. விரலால் தொட்டு இரண்டு விரலைத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பும் நிறமும் இருந்தால் கூலன்ட். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, ஹோஸ் மூட்டுகளையும் தண்ணீர்ப் பம்பின் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். பம்பின் சீல் போனால் அதற்கென விட்டிருக்கும் சிறு துளை வழியாகக் கசிந்து, காய்ந்த நிறக்கோடு விழுந்திருக்கும்.

கொழும்புக்குப் போகும் வழியில், ஆனையிறவு தாண்டியதும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், உடுவில்

ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் போட்டு, ஒதுக்கமான இடம் கண்டதும் நிறுத்துங்கள். பரந்தனிலோ கிளிநொச்சியிலோ கராஜ் இருக்கிறது, அதுவரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். சில நிமிட ஓட்டத்திலேயே ஹெட் வளைந்துவிடும். பொனற்றுக்கு அடியிலிருந்து ஆவி வந்தால் அது அடங்கும்வரை பொனற்றைத் தூக்காதீர்கள். எஞ்சினின் மேல் தண்ணீர் அடிப்பதும், மூடியைத் துணி சுற்றித் திறந்து பார்ப்பதும் கூடாது. முக்கால் மணித்தியாலமாவது பொறுத்து, மேல் ஹோஸ் தளர்ந்து ஆறிய பிறகு மூடியைத் திறந்து, கிடைக்கிற சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சூடாக நிற்கிற எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் ஹெட் வெடிக்கும்.

அந்த அவசரத்துக்குத் தெருவோரக் கிணற்றுத் தண்ணீரும் பரவாயில்லை. ஆனால் தண்ணீர் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் கொழும்புப் பயணத்தைத் தொடர வேண்டாம். முதலில் ரேடியேற்றர் மூடியின் ரப்பரைப் பாருங்கள். அது வெடித்திருந்தால், மூடியின் மேல் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவில் புதியது வாங்கிப் போட வேண்டும். வீடு திரும்பியதும் அந்தத் தண்ணீரை இறக்கிவிட்டு, சரியான கலவையை நிரப்புங்கள்.